தெய்வானையின் காசுக்கு ஒரு முக்கோணம்

என் உயிர்க் கூட்டாளி தெய்வானைக்கு,

லெட்சுமி எழுதுகிறேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயா லெட்சுமிதான், வேறு யார் உனக்கு உட்கார்ந்து கடிதம் எழுதப் போகிறார்கள்? நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் திவசத்துக்குப் படமும் நாலு வரிப் பாட்டும் போட்டு நோட்டீஸ் அடிக்கலாம் என்று மாதர் சங்கத்தில் சொன்னார்கள். பாட்டெல்லாம் உனக்கு ஒத்துவராது, கேட்டால் நீயே எழுந்து வந்து சிரிப்பாய் என்று நான்தான் தடுத்தேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைச் சங்கத்துப் பலகையில் ஒட்டப் போகிறேன். இதில் பாதி உனக்குச் சொல்ல வேண்டியது, மீதி அவர்கள் கேட்க வேண்டியது.

முதலில் ஊர்ச் செய்தி. லிந்துலைப் பக்கம் இந்த வருடம் மழை பரவாயில்லை, கொழுந்தும் பரவாயில்லை. மலையில் நீ கொழுந்து பறித்த நிரையை இப்போது மேல் லயத்து மருமகள் ஒருத்தி பிடித்திருக்கிறாள். கை உன் அளவுக்கு வேகமில்லை, வாய் உன்னை விட வேகம். நீ வீட்டுக்குப் பின்னால் போட்ட போஞ்சிக் கொடியை உன் மகள் காயவிடவில்லை. எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று மூன்று மொழியில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். கூரை மட்டும் பழைய கூரைதான், அதே இடத்தில் அதே ஒழுக்கு.

பிள்ளைகள் என்னை இன்னும் ஆயாம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உன் தர்ஷினியும் அப்படித்தான், இருபது வயதாகியும். நீ மலைக்குப் போகும்போது அவளை என் மடியில் போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து வந்த பழக்கம், எங்கே மாறப் போகிறது?

உன் காசு வந்துவிட்டது தெய்வானை. சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும். அதற்கு நானும் தர்ஷினியும் ஏறாத படி இல்லை. ஒரு கடதாசியில் உன் பேர் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி, ஆப்பீசில் பெரிய கிளாக்கருக்கே எது நீ என்று தெரியவில்லை. எல்லாம் ஒருவழியாக முடிந்து, முப்பது வருடம் நீ குனிந்து பறித்ததெல்லாம் சேர்ந்து ஒரு நாள் பேங்க் புத்தகத்தில் ஒரே வரியாக வந்து நின்றது. உன் மகள் அந்த வரியை விரல் வைத்து வாசித்தாள். புத்தகத்தை மூடித் தாவணிக்குள், இல்லை, இப்போது யார் தாவணி போடுகிறார்கள், தோள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறதா? “அவ காசு எங்கயும் போயிராம பாத்துக்கடி.” தகப்பனும் இல்லாத பிள்ளை, வேறு யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? உன் காசை ஒரு தடவை தொலைக்க வைத்தவளிடமே சொல்லிவிட்டுப் போனாயே. அது நம்பிக்கையா, இல்லை எனக்குக் கொடுத்த தண்டனையா என்று இந்த ஒரு வருடமும் யோசித்துவிட்டேன்.

அந்தக் கதையை இங்கே விவரமாகவே எழுதுகிறேன், பலகையில் படிப்பவர்களுக்கும் தெரியட்டும். தர்ஷினி ஆறாம் வகுப்புப் படித்த காலம். சம்பள நாளில் ஆப்பீசுக்கு வெளியே, சம்பள மேசைக்குப் பக்கத்திலேயே, ஒரு கம்பெனிக்காரர்கள் குடை விரித்து மேசை போட்டார்கள். வட்டி பேங்க்கை விட மூன்று மடங்கு, எப்போது கேட்டாலும் காசு திரும்ப வரும், பயமே வேண்டாம் என்றார்கள். நமக்குத்தான் ஒரு பழக்கம் இருக்கிறதே, சம்பளத்தில் ஆப்பீஸ் பிடிக்கிற காசு பத்திரம், அது எங்கேயும் போகாது என்று. ஆப்பீஸ் வாசலில் மேசை போட்டிருந்ததால் அதுவும் ஆப்பீஸ் சங்கதிதான் என்று எல்லாரும் நினைத்துவிட்டோம். தோட்டத்துத் துரை விட்டாரா, கிளாக்கர் கையெழுத்துப் போட்டாரா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வாசலில் யார் வேண்டுமானாலும் குடை விரிக்கலாம் என்பது நமக்கு உறைக்கவே இல்லை.

உன்னைக் கையைப் பிடித்து அந்த மேசைக்குக் கூட்டிப் போனது நான். உன்னை மட்டுமா? பிள்ளைகளை விட்டுப் போக வருகிற தாய்மார் எத்தனை பேரிடம் சொன்னேன். ஆயாவிடம் பிள்ளையையே கொடுக்கிறார்கள், அவள் பேச்சை நம்ப மாட்டார்களா? நீ தர்ஷினியின் டியூஷனுக்கென்று போஞ்சி விற்றுச் சேர்த்த காசு முழுவதையும் கொண்டுபோய்ப் போட்டாய். எட்டு மாதம் வட்டி வந்தது. ஒன்பதாவது மாதம் குடையும் இல்லை, மேசையும் இல்லை.

நீ என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. “ஒனக்கும் தானே போச்சு” என்றாய். எனக்குப் போனது கொஞ்சம்தான் தெய்வானை. அதோடு உனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது தர்ஷினியின் கதை. அவள் கண்டியில் கம்ப்யூட்டர் டிப்ளோமா படிக்க இடம் எடுத்திருக்கிறாள். இரண்டு வருடம், நாலு தவணையாகக் காசு கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து உன் கொழுந்தன் மகன் டிலக்ஷன் கொழும்பிலிருந்து வந்தான். நல்ல பிள்ளைதான், உன் காரியத்துக்கெல்லாம் ஓடி ஓடி வேலை செய்தவன். போனில் ஒரு படத்தைக் காட்டினான். பச்சைக் கோடு ஒன்று இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் ஏறிக்கொண்டே போகிறது.

“பெரியம்மாவோட காச இதுல போட்டா மாசம் நூத்துக்குப் பத்து. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம் தங்கச்சி. நானும் போட்டிருக்கேன், மாசா மாசம் வருது” என்றான்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு ஆப்பீஸ் வாசல் குடைதான் ஞாபகம் வந்தது. “ஒண்ணும் வேணாம், மொத்தத்தையும் அஞ்சு வருசத்துக்கு பேங்க்ல ஃபிக்ஸ்ட் போட்டுரு” என்று சத்தம் போட்டேன்.

உன் மகள் உன்னைப் போல இல்லை, திருப்பிக் கேட்கிறாள். “அஞ்சு வருசம் பூட்டி வச்சா படிக்கிறதுக்கு எதக் கட்டுறது? கேஸுக்கும் பெட்ரோலுக்கும் லைன்ல நின்ன வருசம் மாதர் சங்கம் போட்ட ஃபிக்ஸ்ட் என்னாச்சு ஆயாம்மா? காசு அப்படியேதான் இருந்துச்சு, அரிசி மூட்டை வெல எங்க போச்சு?” பதில் தெரியாதபோது நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். இன்னும் சத்தமாகப் பேசினேன். அவள் போய்விட்டாள்.

மறுநாள் லீவு போட்டுத் தலவாக்கலை பேங்குக்குப் போனேன். கவுண்டரில் ஒரு சிங்களப் பிள்ளை, சின்ன வயது, தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான். என்னுடையது கடையில் சாமான் வாங்கும் சிங்களம், பஸ்ஸில் மிச்சக் காசுக்குச் சண்டை போடும் சிங்களம். வட்டி, தவணை, நட்டம் என்று பேச இரண்டு பேரிடமும் சொல் போதவில்லை. அவள் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் வட்டமும் கோடுமாக அச்சடித்திருந்தது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். காசு கட்டும் சிட்டை ஒன்றைத் திருப்பி, ஒரு முக்கோணம் கீறினாள். ஒரு மூலையில் பூட்டு. இன்னொரு மூலையில் திறந்த கதவு. மேல் மூலையில் ஒரு செடி. பூட்டைத் தொட்டு “பத்திரம்” என்றாள். கதவைத் தொட்டு, பணப்பெட்டியிலிருந்து காசை எடுப்பதுபோல் கையைக் காட்டினாள். செடியைத் தொட்டுக் கையை மேலே மேலே தூக்கினாள்.

பிறகு புள்ளி வைத்தாள். சாதாரணப் பேங்க் புத்தகம் பூட்டுக்கும் கதவுக்கும் நடுவே, செடிக்கு வெகு தூரத்தில். ஃபிக்ஸ்ட் பூட்டுக்குப் பக்கத்தில், செடி இருக்கும் திசையில் கொஞ்சம் நகர்ந்து, அதனால் கதவுக்குத் தூரமாகி. பல பேருடைய காசைச் சேர்த்துப் பல கம்பெனிகளில் பங்கு வாங்குகிற யுனிட் டிரஸ்ட் என்று ஒன்று, அது செடிக்குப் பக்கத்தில், பூட்டை விட்டு விலகி. விலை ஏறும், இறங்கவும் செய்யும் என்று கையை அலைபோல ஆட்டினாள். நகைக்கான புள்ளியைப் பேனாவை வாங்கி நானே வைத்தேன், கதவுக்குக் கிட்ட. அடகுக் கடைக் கதவு நமக்கு எப்போதும் திறந்துதானே இருக்கிறது என்றேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, விழுந்து விழுந்து சிரித்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சிட்டையை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு, ஐம்பது வயதுக்கு மேல், காசு என்றால் என்னவென்று ஒரு துண்டுக் கடதாசியில் தெரிகிறது. ஒரு மூலைக்குக் கிட்டப் போனால் இன்னொன்றை விட்டு விலகத்தான் வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இதை நமக்கு ஏன் அப்போதே யாரும் கீறிக் காட்டவில்லை?

அன்றைக்கே தர்ஷினியைப் பிள்ளைக் காம்பராவுக்கு வரச் சொன்னேன். தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, தரையில் சோக்குக் கட்டியால் சுவருக்குச் சுவர் முக்கோணம் போட்டேன். பூட்டு, கதவு, செடி. பூட்டு என்னவோ தேத்தண்ணிக் கேத்தல் மாதிரி வந்தது. சோடா மூடிகளைக் கையில் கொடுத்து ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது என்று அவளையே கேட்டேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாவது மூடிக்கு வந்தபோது குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

“டிலக்ஷன் சொன்னத எங்க வைப்ப?”

“அது பத்திரம்னு சொல்றாரு. எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்னு சொல்றாரு. நெறய வளருதுன்னும் சொல்றாரு.” மூடியைக் கொண்டுபோய் நட்டநடுவில் வைத்தாள். “இங்க.”

“நீயே அங்க போய் நில்லு. நின்ன எடத்துலேர்ந்து பூட்டத் தொடு.”

நின்றாள். கையை நீட்டினாள், எட்டவில்லை. கதவுப் பக்கம் நீட்டினாள், எட்டவில்லை. செடியும் அப்படித்தான். “இங்கேர்ந்து எதுவுமே எட்டலயே” என்று சிரித்தாள். சிரித்தபடியே நின்றவள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினாள். “மூணு மூலையிலயும் இருக்குன்னு சொன்னா, அது எந்த மூலையிலயும் இல்லைன்னுதானே அர்த்தம்?” என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த கேள்வியையும் கேட்டாள். “அப்ப அம்மாவோட காசு போச்சே, என் டியூஷன் காசு, அது எங்க இருந்துச்சு?”

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது தெய்வானை. ‘நாங்க எல்லாரும் ஏமாந்துட்டோம்’ என்று சொல்லியிருக்கலாம், அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அவள் அந்த முக்கோணத்தின் நடுவில் நின்றுகொண்டு கேட்கிறாள். “நீ நிக்கிற அதே எடத்துலதான் இருந்துச்சு. ஒங்க அம்மாவ அங்க கொண்டுபோய் நிக்க வச்சது நான்தான்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. பன்னிரண்டு பேரைச் சேர்த்துவிட்டதற்கு அந்தக் கம்பெனி எனக்கு ஒரு ரைஸ் குக்கர் கொடுத்தது, அதைச் சீட்டிழுப்பில் விழுந்தது என்று உங்கள் எல்லாரிடமும் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

இதோ, உனக்கும் சொல்லிவிட்டேன். பலகையில் படிக்கிற மற்றப் பதினோரு பேரும் இப்போது தெரிந்துகொண்டிருப்பார்கள். ஏச விரும்புகிறவர்கள் பிள்ளைக் காம்பராவுக்கு வரலாம், நான் எங்கேயும் ஓடிப் போகவில்லை.

தர்ஷினி முக்கோணத்தை விட்டு வெளியே வந்தாள். “அந்த குக்கர்லயா ஆயாம்மா எனக்கு சோறு போட்டீங்க?” என்று கேட்டாள். அவள் உயர்தர வகுப்பில் கணக்குப் பிரிவு எடுக்க ஆசைப்பட்டதும், டியூஷன் இல்லாமல் அது நடக்காமல் போனதும் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மூன்று நாள் அவள் வரவில்லை. நான் போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே வெளிச்சம் தெரிந்தது, தட்டத் துணிவு வரவில்லை. நீ என்ன செய்திருப்பாய்? நீயாக இருந்தால் கதவை உதைத்துத் திறந்திருப்பாய். எனக்கு ஒரே பயம்தான். இவள் என் மேல் உள்ள கோபத்தில், நான் சொன்னதற்கு எதிராகச் செய்ய வேண்டும் என்றே, முழுக் காசையும் டிலக்ஷனிடம் கொடுத்துவிட்டால்? உண்மையைச் சொன்னதால் உன் காசு இரண்டாவது தடவையும் போய்விட்டால், அந்த உண்மை யாருக்கு வேண்டும்?

நாலாம் நாள் மதியம், பிள்ளைகள் தூங்கும் நேரம், வந்தாள். கையில் பழைய கலண்டர் தாள். “கோவம் போகல. அத முதல்ல சொல்லிர்றேன்” என்றாள். பிறகு தாளைத் தரையில் விரித்தாள்.

அதில் உன் மலையை வரைந்திருந்தாள் தெய்வானை. நீ நிரை பிடித்த மலை, ரோட்டோரம், ஓடை, எல்லாம். துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம் அடித்திருந்தாள். “கவ்வாத்து வெட்டுன மலை மாசக் கணக்குல வெறுங் குச்சியா நிக்கும்னு அம்மா சொல்லுவாங்கள்ல? எல்லா மலையையும் ஒரே வருசத்துல வெட்டுனா என்னாகும்?”

“பறிக்கக் கொழுந்து இருக்காது. நமக்குப் பேர் விழாது” என்றேன். பேர் விழாவிட்டால் அன்றையச் சம்பளம் இல்லை, அதைப் பிள்ளைக் காம்பராவில் தூங்குகிற பிள்ளைக்கும் தெரியும்.

“அதான் துரைமார் ஒரு வருசம் ஒரு மலை, மறுவருசம் இன்னொரு மலைன்னு மாத்தி மாத்தி வெட்டுறாங்க. நீங்க மொத்தக் காசையும் அஞ்சு வருசம் ஃபிக்ஸ்ட்ல போடச் சொன்னது, எல்லா மலையையும் ஒண்ணா வெட்டுற மாதிரி.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காது கொடுத்துக் கேட்டேன்.

மலைக்கு வெளியே, ஒரு ஓரத்தில், அடியில் ஓட்டை விழுந்த குடம் ஒன்று வரைந்திருந்தாள். அது உன் சங்கிலி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடகு வைத்தோமே, அதற்கு நாங்கள் கட்டுகிற வட்டி, பேங்க் நமக்குத் தருகிற வட்டியை விடக் கூட. முதலில் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும், பிறகுதான் மற்றதில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றாள். ஒரு வருடமாக மாதா மாதம் அடகுக் கடை முதலாளிக்கு வட்டி கட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் ஃபிக்ஸ்ட் வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் நான்.

ரோட்டோரத் துண்டு சாதாரணப் புத்தகம். மூன்று மாதச் சாப்பாடு, பஸ் காசு, திடீரென்று காய்ச்சல் வந்தால் மருந்து, எப்போதும் போய்ப் பறிக்கலாம். அடுத்த மூன்று துண்டும் மூன்று ஃபிக்ஸ்ட், ஆறு மாதம், ஒரு வருடம், ஒன்றரை வருடம். ஒவ்வொன்றும் ஒரு தவணை கட்ட வேண்டிய நேரத்தில் திரும்பி வரும். முதல் தவணையை இப்போதே கட்டிவிடுவது. எல்லாத் துண்டிலும் ஒரு எலி வரைந்திருந்தாள், பல்லைக் காட்டிக்கொண்டு.

“இது என்னடி எலி?”

“வெலவாசி. பூட்டுன பொட்டிக்குள்ளயும் எலி இருக்குல்ல. நீங்க போட்ட முக்கோணத்துல இது இல்ல ஆயாம்மா. நீங்க பூட்டுக்குக் கிட்ட நின்னா ஒண்ணுமே ஆகாதுன்னு நெனச்சுட்டீங்க.”

பேங்க்காரப் பிள்ளை சொல்லாததையும் சேர்த்து வரைந்திருக்கிறாள். எங்கே போய்ப் படித்தாளோ, போனில்தான் படித்திருப்பாள், நாம் குறை சொல்கிற அதே போனில்.

மலை உச்சியில் ஒரு சின்னத் துண்டு மட்டும் மீதி இருந்தது. தேயிலைக் கன்றுகள் வரைந்திருந்தாள். அது யுனிட் டிரஸ்ட் என்றாள். பத்தில் ஒரு பங்கு. நான் எழுந்தே விட்டேன். “மறுபடியுமாடி? ஒருக்கா போனது போதாதா?”

அவள் பதறவில்லை. “இந்தத் துண்டு காஞ்சு போனாலும் என் படிப்பு நிக்காது, சோறு நிக்காது. பாருங்க, நிக்குமா?” விரலால் அந்தத் துண்டை மறைத்துக் காட்டினாள். மற்ற எல்லாத் துண்டும் அப்படியே இருந்தன. “அம்மா போட்டது முழு மலை. போனதும் எல்லாம் நின்னு போச்சு. இது எட்டுப் பத்து வருசத்துக்கு நான் தொடப் போறதில்ல. எலிய விட வேகமா வளர்ற துண்டு ஒண்ணாச்சும் வேணும்ல?”

எனக்கு இன்னும் பயம்தான். ஆனால் அந்தப் பயத்தை அவள் வரைந்து, அளந்து, ஒரு விரலால் மறைக்கிற அளவுக்குச் சின்னதாக்கி வைத்திருந்தாள். நான் பயத்தை ஒரு தடவை முழுதாகத் தொலைத்தேன், பிறகு முழுதாகத் தூக்கிச் சுமந்தேன். அளந்து பார்க்கவே இல்லை. “சரி, ஒன் இஷ்டம்” என்றேன். அந்த மூன்று சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று நினைக்கிறாய்?

டிலக்ஷனிடமும் அவளே பேசியிருக்கிறாள். மாதம் பத்து வீதம் வட்டி யார் கொடுக்கிறார்கள், எந்தத் தொழிலில் இருந்து வருகிறது என்று கேட்டாளாம். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். அரசாங்கம் அனுமதி கொடுத்த கம்பெனிகளின் பட்டியலில் அந்தப் பேரே இல்லை என்பதையும் காட்டியிருக்கிறாள். அவன் தன் காசை எடுத்தானா, விட்டுவைத்தானா என்று எனக்கு இன்னும் தெரியாது. போன் பண்ணினால் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்கிறான். நீ அவன் பக்கமும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

போன திங்கட்கிழமை இரண்டு பேரும் தலவாக்கலைக்குப் போனோம். முதலில் உன் சங்கிலியை மீட்டோம். பிறகு பேங்க். அதே பிள்ளைதான் கவுண்டரில் இருந்தாள். கலண்டர் தாளைப் பார்த்துவிட்டு உள்ளே இருந்த பெரிய ஐயாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் எலியைப் பார்த்துச் சிரித்தார். நான் இது என் வேலை இல்லை என்று தள்ளிப்போய்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். தர்ஷினி படிவம் படிவமாக எழுதிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். “அம்மா, ஐடி நம்பர்” என்றாள். என் அடையாள அட்டை எதற்கு என்று கேட்டேன். எனக்கும் இந்தக் காசுக்கும் என்ன? தர்ஷினி தலையைத் தூக்காமலே, “எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா காசு யாருக்குப் போகணும்னு ஒரு ஆள எழுதச் சொல்றாங்க” என்றாள்.

படிவத்தைப் பார்த்தேன். என் முழுப் பேரையும் எழுதியிருந்தாள். அதற்குப் பக்கத்தில் ‘உறவுமுறை’ என்று ஒரு கட்டம். அதில் ‘சித்தி’ என்று எழுதியிருந்தது.

பேங்க் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன் தெய்வானை. உன் சவப்பெட்டியைத் தூக்கிய அன்றுகூட அப்படி அழவில்லை. “கோவம் போயிருச்சாடி?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றாள். “கோவம் இருந்தா சித்தி இல்லாமப் போயிருவாங்களா? நம்பரச் சொல்லுங்க, பின்னால ஆள் நிக்கிறாங்க.”

நம்பரைச் சொன்னேன். இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் காசை நான் பார்த்துக்கொள்ள மாட்டேன், அதை அவளே என்னை விட நன்றாகப் பார்த்துக்கொள்வாள். அவளைப் பார்த்துக்கொள்வேன். இந்தத் தோட்டத்தில் எவள் வந்து ‘எதுல போடலாம் ஆயாம்மா’ என்று கேட்டாலும் இதில் போடு என்று வாய் திறக்க மாட்டேன். தரையில் வரைந்து காட்டுவேன், எவ்வளவு வரும் என்பதற்கு முன்னால் எவ்வளவு போகலாம் என்பதை வரைவேன், எனக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பதையும் ஒளிக்காமல் வரைவேன். அடுத்த மாதம் தர்ஷினி கண்டிக்குப் போகிறாள். அன்றைக்குக் காலையில் அவளை பஸ் ஏற்றிவிட நான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் மகளின் சித்தி,
லெட்சுமி